பூ இல்லாத தகடு

அத்தியாயம் பதினேழு

கூரைக்காரர் விழுந்து இன்றோடு ஒன்பது நாள்.

ஒன்பது நாளாகக் கடையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை, அண்ணனைத் தவிர. அண்ணனால் மெதுவாகப் பேச முடியாது. கூரைத் தகடு விற்பதால் அல்ல, தகரத்தில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி ஒரு குரல் இருப்பதால்தான் கடைத்தெருவில் அவருக்குத் 'தகரம்' என்று பேர். இடுப்பில் எந்நேரமும் அளவு நாடாவோடு திரியும் தங்கைக்கு 'டேப்'. தங்கையின் புருஷனுக்கு மட்டும் எந்தப் பட்டப்பெயரும் ஒட்டவில்லை. கூரை போடுகிறவர், கூரைக்காரர், அவ்வளவுதான்.

இருபது வருடம் கூரைமேல் நடந்தவரை பழுது பார்க்க ஏறிய ஒரு கோழிப் பண்ணையின் கூரை ஒரே வாயில் விழுங்கி, கீழே சிமெண்டுத் தரையில் துப்பியிருந்தது.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதல் வாரம் முழுக்க "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டர், நேற்று "பழகிக்கணும்" என்றார். அந்த ஒரு சொல்லை வீட்டுக்கு எடுத்து வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், தங்கை விடியும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

இன்று காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில், தகடு செய்யும் ஆலையிலிருந்து ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார்.

உள்ளங்கை அளவு தகட்டுத் துண்டு. பண்ணைக் கூரையிலிருந்து வெட்டி எடுத்தது.

"பாருங்க," என்றார்.

அண்ணன் பார்த்தார். துண்டு பளபளவென்று இருந்தது. கடைவாசலில் போன சைக்கிளின் நிழல்கூட அதில் ஓடியது.

"புதுசாட்டம் இருக்கே சார்! நான்தான் சொன்னேனே, ஷீட்ல ஒரு குறையும் இல்லன்னு!"

ஆய்வாளர் துண்டைத் திருப்பிப் போட்டார்.

மறுபக்கம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சாம்பலுக்கு நடுவே பழுப்புக் குழிகள். அவர் சுண்டுவிரலால் ஓரத்தை லேசாகத் தட்டினார். ஓரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

அவள் அந்த உதிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே கண்ணாடி, கீழே சாம்பல். இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தக் கனத்தின்மேல்தான் அவர் கால் வைத்திருக்கிறார்.

"கடையில எத்தனை வகை ஷீட் வச்சிருக்கீங்க?" ஆய்வாளர் கேட்டார்.

"ரெண்டு. ஜி.ஐ. ஒண்ணு, கலப்பு ஒண்ணு."

ஜி.ஐ. என்றால் இரும்புத் தகட்டின்மேல் வெறும் துத்தநாகப் பூச்சு. கலப்பு என்றால் துத்தநாகத்தோடு அலுமினியமும் சேர்த்த பூச்சு. ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் யாரும் முகத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம். ஜி.ஐ. தகட்டில் பூ இருக்கும். பூச்சு ஆறி இறுகும்போது தானாக விரிகிற, கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிய பெரிய வெள்ளிப் பூக்கள். கலப்பில் பூ கிடையாது. பொடி மணலைத் தூவியது போல ஒரு மினுமினுப்பு மட்டும். ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் ஜி.ஐ.யைவிட இரண்டு மூன்று மடங்கு காலம் உழைக்கும். எது நல்லது என்று கேட்கிறவர்களிடம், கண்ணை மூடிக்கொண்டு கலப்பு என்று சொல்வதுதான் இந்தக் கடையின் பழக்கம்.

"இது கலப்பு," ஆய்வாளர் துண்டைத் தொட்டார். "வீட்டுக்குப் போட்டிருந்தா உங்க பேரப்பிள்ளைங்க காலம்வரை வந்திருக்கும். கோழி இருக்கிற இடத்துக்கு ஆகாது. எச்சத்திலேருந்து அம்மோனியா கிளம்பும். கண்ணைக் கரிக்குமே, அதுதான். மேல போய் ஷீட்ல முட்டும். பனி நேரத்துல ஷீட்டுக்கு அடியில வேர்க்கும். அந்த வேர்வையில இது கரையும். துத்தநாகம் ஓரளவு தாங்கும். அலுமினியத்தால முடியாது. முதல்ல பூச்சைத் தின்னும், அப்புறம் இரும்பைத் தின்னும். எல்லாம் அடியிலேருந்தே."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?"

"சொல்லியிருக்கோம்."

அவர் மேஜைக் கண்ணாடியைக் காட்டினார். கண்ணாடிக்கு அடியில் ஆலையின் கையேடு இருந்தது. எட்டு வருடமாக அங்கேயே இருக்கிறது. அட்டையில் வெள்ளிக் கூரைக்குக் கீழே ஒரு குடும்பம் சிரித்தபடி நிற்கும். டீ கிளாஸ் வைத்து வைத்து அந்தக் குடும்பத்தின் தலைக்கு நேர் மேலே கண்ணாடியில் வட்டம் வட்டமாகக் கறை.

ஆய்வாளர் கண்ணாடியைத் தூக்கி, கையேட்டை உருவி, கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நகத்தால் ஒரு வரிக்கு அடியில் கோடு இழுத்தார். கால்நடைக் கொட்டகைகளுக்கும் பறவைப் பண்ணைகளுக்கும் இத்தகடு ஏற்றதல்ல.

எட்டு வருடத்தில் அந்தக் கையேட்டை ஒரு தடவைகூட யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

"பண்ணைக்காரர் ஜி.ஐ. கேட்டதாத்தான் சொல்றாரு," ஆய்வாளர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "கலப்பு போட்டது அவருக்கே தெரியாதாம். அப்ப இதைத் தேர்ந்தெடுத்தது யாரு? இந்த இடத்துல பேர் எழுதிக் கையெழுத்து வேணும். அறிக்கை இதை வச்சுத்தான் போகும்."

அவள் கை இடுப்பிலிருந்த அளவு நாடாவுக்குப் போனது.

"மாப்பிள்ளை," என்றார் அண்ணன். "கூரை போடுறவர்தானே சார் எந்த ஷீட்டுன்னு சொல்லணும்? நாங்க கடை. கேட்டதைக் கொடுக்கிறவங்க."

"அடிபட்டுக் கிடக்கிறவரா?"

"அவரேதான்."

ஆய்வாளர் அவளைப் பார்த்தார். அவள் அளவு நாடாவை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தாள். அது 'சரக்' என்று உள்ளே ஓடியது.

"நாலு மணிக்கு வர்றேன். அவர் கையெழுத்தை வாங்கி வைங்க." வாசல்வரை போனவர் திரும்பினார். "இதே ஷீட் வேற எங்கயாவது போயிருக்கா? ஆடு, மாடு இருக்கிற இடமா?"

"பழைய ஆர்டரைப் பார்த்துச் சொல்றேன் சார்," என்றார் அண்ணன்.

அவர் தெருமுனை திரும்பும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"அண்ணா, அனுப்பினது நான்."

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா அவர் பேரைச் சொன்னே?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் ஆஸ்பத்திரியில, உன் அண்ணி பிரசவத்துக்குக் காவல் கிடந்தேன். கடையில நீ மட்டும்தான். வந்து பார்த்தா பண்ணைக்குக் கலப்பு போயிருக்கு. தெரியாம இருக்க நான் என்ன தகரமா?"

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

அன்று ஜி.ஐ. கையிருப்பில் இல்லை. வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். மழை வாசலில் நின்றது. கூரையில்லாத கொட்டகையில் நாலாயிரம் கோழிக்குஞ்சு வந்து இறங்கப்போகிறது என்று பண்ணைக்காரர் ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து நின்றார். அவள் யோசித்தாள். கேட்டதைவிட உசத்தியான சரக்கை அதே விலைக்குக் கொடுத்தால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? லாரியில் ஏற்றிவிட்டாள். அன்று சாயங்காலம் யாருக்கோ நல்லது செய்துவிட்ட நிம்மதியில் வீட்டுக்கு நடந்து போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"என் பேரை எழுது," என்றாள்.

"எழுதினா? ஒரு ஆள் முடமாயிருக்காரு. கோழிப் பண்ணைக்காரன் வழக்குப் போடுவான். நீ உள்ள போவே. கடை பேரை எழுதினா கடை போகும். மாப்பிள்ளை பேரை எழுதினா?" அண்ணன் அந்தக் குரலை முடிந்தமட்டும் தாழ்த்தினார். அடுத்த கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அவருக்கு இதுக்கு மேல என்னடி ஆகிடப் போகுது?"

அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அதில் கெட்டது எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தன் தப்பாலதான் விழுந்தார்னு ஊர் முழுக்கச் சொல்லும்."

"சொல்லட்டுமே. அவர் கால் வச்ச இடம் தப்புதானே? ஸ்க்ரூ வரிசை மேலதான், அடியில சட்டம் இருக்கிற இடத்துலதான் நடக்கணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர், ஏன் நடுவுல கால் வச்சார்? ஷீட்டு மேல தப்பில்ல. நாலு மணிக்குள்ள அந்த ஒல்லிக்குச்சிக்குக் காட்டுறேன் பாரு." அண்ணன் தாளை மடித்து அவள் கையில் திணித்தார். "நீ போய்க் கையெழுத்து வாங்கிட்டு வா. நான் ஒரு இடத்துக்குப் போயிட்டு வர்றேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. பின்னால், எத்தனையோ தடவை, கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொள்ளப் போகிறாள்.

ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலை ஒட்டிய கட்டில் அவருடையது. மல்லாந்து கிடந்தார். புரள்வதென்றால் இரண்டு பேர் வேண்டும்.

"வா. ஒரு வேலை இருக்கு," என்றார். "மேல பாரு. மூணாவது பலகை. ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்கு. நாலு நாளா சொல்றேன், நர்ஸம்மா காதுல வாங்கல. நீங்க பேஷண்டா, மேஸ்திரியான்னு கேட்கிறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருபது வருஷமா கூரைக்கு மேல இருந்தேன், கீழேருந்து பார்க்கிறது இதுதான் முதல் தடவை, ஆசை தீரப் பார்த்துக்கிறேன்னு சொன்னேன்."

அவள் சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது வாய் கோணியது. முகத்தைத் திருப்பி, போர்வைக்குள் கிடந்த அவர் பாதத்தைப் பிடித்து நேராக வைத்தாள். பிடித்தது அவருக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து தாளை எடுத்தாள். ஆய்வாளர் வந்தது, துண்டைத் திருப்பிப் போட்டது, கையேட்டின் கடைசிப் பக்கம், எல்லாவற்றையும் சொன்னாள். தன்னைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அவர் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் படித்தார். தகட்டு வகையைத் தேர்ந்தெடுத்தவர். அதற்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கோடு.

"மச்சான் அனுப்பினாரா?"

"ம்."

"பேனா இருக்கா?"

அவள் அசையவில்லை. அவர் கையை நீட்டி, அவளுடைய பையின் ஓரத்தில் செருகியிருந்த பேனாவைத் தானே எடுத்தார்.

"அது நீங்க இல்லங்க," என்றாள். "நீங்க தேர்ந்தெடுக்கல."

"தெரியும்."

"நான்..."

"தெரியும்மா." அவர் பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். "லாரியிலேருந்து இறக்கும்போதே பார்த்தேன். பூ இல்ல."

வார்டின் மறுகோடியில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஒரு தள்ளுவண்டி 'கிரீச்' என்று போனது.

"பார்த்தீங்களா? அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கல?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே பதிலைத் தேடுகிற மாதிரி.

"நீ அனுப்பினது. நீ அளந்து அனுப்பினா அரை இஞ்ச் தப்பாது. அதுக்கு மேல கேட்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண் வறண்டு கிடந்தது.

"அன்னைக்கு ஏன் நடுவுல கால் வச்சீங்க?" மெதுவாகக் கேட்டாள். ஒன்பது நாளாகக் கேட்காத கேள்வி.

"பளபளன்னு இருந்துச்சு," என்றார். "ஆறு வருஷம் ஆன ஷீட் மாதிரியே இல்ல. நான் போட்ட கூரைதானேன்னு ஒரு திமிரு. ஒரே ஒரு எட்டு. குறுக்கால."

அவர் தாளைத் தன் மார்பின்மேல் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். தன் பேரின் முதல் எழுத்தை எழுதினார். பேனா நின்றது.

"பண்ணைக்குப் போட்டது போக, அந்த லோடுல எத்தனை ஷீட் மிச்சம்?"

"இருபத்திரண்டு."

அளவு விஷயத்தில் அவளுடைய ஞாபகம் பிசகாது. சொல்லி முடித்த பிறகுதான் அந்த இருபத்திரண்டும் எங்கே போயின என்பது அவளுக்கு உறைத்தது. அவருக்கும் அதே நொடியில் உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பால் பண்ணை," என்றார் அவர்.

ஊருக்கு வெளியே பன்னிரண்டு பசு வைத்திருக்கும் பால்காரம்மாவின் கொட்டகை. கோழிப் பண்ணையை முடித்த மறுவாரம், மழைக்கு முந்திய நாள், அவர்தான் போட்டார். அவள்தான் அளந்தாள்.

"போ," என்றார். "இப்பவே போ. அடியிலேருந்து குத்திப் பாரு. ஸ்க்ரூடிரைவர் போதும். மேல ஏறிப் பார்க்காதே. மேலேருந்து பார்த்துத்தான் நான் இங்க கிடக்கிறேன்."

ஒற்றை எழுத்து எழுதிய தாளை அவள் பையில் போட்டுக்கொண்டாள். படி இறங்கும்போதே அண்ணனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். அதற்கும் எடுக்கவில்லை.

ஸ்கூட்டரின் பெட்டியில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. கூரைக்காரர் வாங்கிக் கொடுத்தது. 'அளவு எடுக்கிறவ கையில ஆயுதமும் இருக்கணும்' என்று சொல்லிச் சிரித்தபடி கொடுத்தது.

பால் பண்ணைக் கொட்டகை தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருந்தது. வயல்வெளிக்கு நடுவே யாரோ ஒரு குளத்தை மடித்துத் தூக்கி நிறுத்திய மாதிரி, வானம் முழுவதும் அதன்மேல் படுத்திருந்தது. அவள் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நேரே உள்ளே போனாள்.

உள்ளே இருட்டு. வெதுவெதுப்பு. மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. ஆறு வருடமாக இந்த நெடி தெரியும். இப்போதுதான் அது மேலே போகிறது என்பது தெரியும். பசுக்கள் பாதிக் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தன.

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தூணைப் பிடித்தபடி மேலே ஏறி நின்றாள். தகட்டின் அடிப்பக்கம் எட்டும் தூரத்தில் இருந்தது. சாம்பல். அங்கங்கே பழுப்பு.

தகடு சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் முதலில் குத்தினாள். தாங்கியது. ஒரு சாண் தள்ளிக் குத்தினாள். 'டொக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி, இரண்டு சட்டங்களுக்கும் நடுவே, சாணி வாய்க்காலுக்கு நேர் மேலே குத்தினாள். அழுத்தக்கூட இல்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடிவரை போனது.

வெளியே இழுத்தாள். வெண்பொடி முகத்தில் கொட்டியது. ஓட்டை வழியே வெயில் குச்சி மாதிரி இறங்கி வாய்க்கால் தண்ணீரில் நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

'டம்.' கொஞ்சம் விட்டு, 'டம்.'

ஒரு பசு அசைபோடுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது.

பின்வாசல் வழியாகப் பால்காரம்மா பால் கேனோடு உள்ளே வந்தாள்.

"அட, டேப்பக்கா! அண்ணன் மேல, தங்கச்சி கீழ. என் கூரைக்கு ரெண்டு பக்கமும் டாக்டரா? நல்லா வைத்தியம் பாருங்க, ஃபீஸ் மட்டும் கேட்டுடாதீங்க."

"அண்ணனா? மேலயா?"

"இப்பத்தான் ஏணி கேட்டு வாங்கினாரு. போட்டோ எடுக்கணுமாம்."

மேலேயிருந்து குரல் வந்தது. தகரத்தில் ஆலங்கட்டி.

"பாருங்க சார்! ஆறு வருஷம் ஆச்சு. அதே லோடு. கீழ பன்னிரண்டு மாடு. எங்கயாவது ஒரு புள்ளி துரு இருக்கா? முகம் தெரியுது சார், முகம்! வீடியோ ஓடுது, பார்த்துக்கோங்க. இப்ப நானே இது மேல நடந்து காட்டுறேன்..."

"அண்ணா! நில்லு!"

அந்தக் குரல் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. பன்னிரண்டு பசுக்களும் சங்கிலியை இழுத்தன. மேலே காலடி நின்றது.

"யாரு? நீ எங்கேருந்துடி பேசுற?"

"உன் காலுக்கு அடியில."

"என்ன விளையாட்டு இது? மேல வந்து பாரு, எப்படி இருக்குன்னு..."

அவர் கால் நின்ற இடத்தில் தகடு லேசாகத் தொய்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி ஸ்க்ரூடிரைவரை வைத்து மேலே தள்ளினாள்.

மேலே, கண்ணாடி போன்ற தகட்டில், தன் காலுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு இரும்பு முனை முளைத்து எழுவதை அண்ணன் பார்த்திருக்க வேண்டும்.

தகரக் குரல் நின்றுபோனது. அவளுக்கு நினைவு தெரிந்து, அண்ணன் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை.

"ஷீட்டும் ஷீட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கிற இடத்துல நிக்கிறே," என்றாள். "ரெண்டு கனம். அதனாலதான் இன்னும் நிக்கிறே. ஸ்க்ரூ வரிசை தெரியுதா?"

"தெரியுது."

"எவ்வளவு தள்ளி?"

"ரெண்டடி... ரெண்டரை அடி இருக்கும். ஒரு எட்டு வச்சா..."

"வைக்காதே! அந்த ஒரு எட்டைத்தான் அவரும் வச்சார்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "மெதுவா உட்காரு. அப்புறம் குப்புறப் படு. கையையும் காலையும் அகட்டி, அந்த இணைப்பு மேலயே நீளமாப் படு."

பால்காரம்மாவின் கையிலிருந்த கேன் சாய்ந்து பால் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"அக்கா, நீளமான பலகை வேணும்," என்றாள் டேப். "ரெண்டு பலகை, நாலு ஆள். ஏணிப் பக்கத்திலேருந்து மேல தள்ளிக் கொடுக்கணும். யாரும் கூரையில கால் வைக்கக் கூடாது. ஓடுங்க."

பால்காரம்மா ஓடினாள்.

கொட்டகை மூலையில் வைக்கோல் கட்டுகள் இருந்தன. டேப் ஒவ்வொன்றாக இழுத்து வந்து அண்ணனுக்கு நேர் கீழே போட்டாள். ஏழு கட்டு. கை எரிந்தது. ஏழு கட்டு போதாது என்று தெரியும். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தூரத்தில் பால்காரம்மா யார் யாரையோ கூப்பிடும் குரல் மட்டும் காற்றில் தேய்ந்து தேய்ந்து வந்தது.

முதலில் விழுந்த ஓட்டையில் வெயில் அணைந்தது. அங்கே அண்ணனின் சட்டைத் துணி தெரிந்தது. பிறகு துணி நகர்ந்து, ஒரு கண் தெரிந்தது.

"மாப்பிள்ளையும் இப்படித்தானா?" அண்ணன் கேட்டார். ரகசியம் பேசுகிற குரல். அவராலும் மெதுவாகப் பேச முடியும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

"அவருக்கு அடியிலேருந்து சொல்ல ஆள் இல்ல."

கண் மூடித் திறந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"ஒரு எழுத்து."

"கிழிச்சுப் போடு."

"கிழிக்கல. அதை அடிச்சுட்டு என் பேரை எழுதப் போறேன்."

"அவசரப்படாதே. முதல்ல நான் இறங்குறேன். அப்புறம் உட்கார்ந்து பேசலாம்."

"இல்லண்ணா," என்றாள். "இறங்கிட்டா நீ பேசுவே. நான் கேட்பேன்."

பையிலிருந்து தாளை எடுத்தாள். தூணில் வைத்து விரித்தாள். அவருடைய அந்த ஒற்றை எழுத்தின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தன் முழுப் பேரையும் எழுதினாள். உறவையோ பட்டப்பெயரையோ எழுதவில்லை. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, இன்னொரு வரியும் எழுதினாள். இருபத்திரண்டு தகடுகள், பால் பண்ணை, அனுப்பியதும் நான்தான்.

எழுதி நிமிர்ந்தபோது மேலே தகடு, மழைநீர் தேங்கிய துணி மாதிரி, மெல்ல மெல்ல வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. இணைப்பு ஓரத்திலிருந்து ஒரு ஸ்க்ரூ கழன்று அவள் காலடியில் விழுந்து உருண்டது. வெண்பொடி பனி மாதிரி இறங்கியது.

வரப்பில் பலகையைத் தூக்கிக்கொண்டு யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. இன்னும் தூரத்தில்தான்.

"டீ..." என்றது ஓட்டை.

"இங்கதான் இருக்கேன்."

"கனம் தாங்குமா?"

அவள் அந்தத் தகட்டின் கனத்தை அறிவாள். அளந்தவள்.

"மூச்சை மெதுவா விடுண்ணா," என்றாள்.